பாடி ஷாப்: அறத்தையும் சேர்த்து விற்ற கடையின் வரலாறு

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகரில், 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சிறிய கடை திறக்கப்பட்டது. கடையை நடத்தியவர் அனிதா ரோடிக். கையில் இருந்தது 4,000 பவுண்டு வங்கிக் கடன். விற்பனைக்கு இருந்தவை இருபது சொச்சம் வகைத் தோல் பூச்சுகளும் தலைக்கழுவிகளும். சுவரில் ஊறிய ஈரக்கறையை மறைக்கப் பச்சை வண்ணம் அடித்தார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் அந்தக் கடையின் அடையாளமாகிப் போன கரும்பச்சை நிறம் வந்த வழி இதுதான். பக்கத்தில் இருந்த ஈமச்சடங்கு நிலையத்தார், 'உடல் கடை' என்று பொருள்படும் பெயர்ப்பலகையால் தங்கள் தொழில் கெடும் என்று ஆட்சேபித்ததாகவும், அதைத் தாமே செய்தித்தாளுக்குச் சொல்லி இலவச விளம்பரம் தேடிக்கொண்டதாகவும் அனிதா சொல்லி வந்தார். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காமல் செய்தியாக வெளிவரும் கலையை அவர் முதல் நாளிலேயே கற்றுவிட்டார் என்பதற்காகவாவது இதை நினைவில் வைக்கலாம்.

ஒரு வணிக நிறுவனம் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் கடமைப்பட்டது என்ற பேச்சு இன்று எல்லா நிறுவன அறிக்கைகளிலும் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது வழக்கத்தில் இல்லை. அதைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தவர்களில் முன்வரிசையில் நிற்பது பாடி ஷாப். அதன் கதையில் திருமங்கலத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதால், தமிழ் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்வதில் தனிப் பயன் இருக்கிறது.

தொடக்கம்

அனிதா 1942இல் லிட்டில்ஹாம்ப்டன் என்ற ஊரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். தாய் சிற்றுண்டிக் கடை நடத்தினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற அனிதா சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு ஜெனிவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் வேலை பார்த்தார். தாகித்தி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று ஊர் சுற்றினார். அந்தந்த ஊர்ப் பெண்கள் தங்கள் தோலையும் கூந்தலையும் எப்படிப் பேணுகிறார்கள் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டார். அவர் கணவர் கார்டன் ரோடிக், போனஸ் அயர்ஸ் நகரிலிருந்து நியூயார்க் வரை குதிரையில் போகும் தம் நெடுநாள் ஆசைக்காகப் புறப்பட்டுவிட, இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு பிழைப்புக்காகத் தொடங்கியதே இந்தக் கடை.

காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி நிரப்பித் தரும் வழக்கம் அங்கே முதலிலிருந்தே இருந்தது. இதைச் சுற்றுச்சூழல் கொள்கை என்று பலர் எழுதிவிட்டார்கள். உண்மையில் போதுமான புட்டிகள் வாங்கக் காசில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கான மலிவான பிளாஸ்டிக் புட்டிகளை வாங்கி, கையால் எழுதிய சீட்டை ஒட்டி விற்றார்கள். போர்க்காலத்தில் எதையும் வீணாக்காத தம் தாயின் பழக்கமே தமக்குப் பாடம் என்று அனிதா கூறியிருக்கிறார். நம் வீடுகளில் எண்ணெய்க் கடைக்குத் தூக்கும் புட்டியும் கொண்டு போன தலைமுறைக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. பஞ்சத்தில் பிறந்த சிக்கனம் பின்னாளில் கொள்கையாக உயர்ந்தது. அதனால் அது பொய்யாகிவிடாது.

இரண்டாவது கடைக்கு வங்கி கடன் தர மறுத்தது. இயன் மெக்லின் என்ற நண்பர் 4,000 பவுண்டு கொடுத்து நிறுவனத்தில் பாதிப் பங்கைப் பெற்றார். பின்பு, பெயரையும் சரக்கையும் தந்து, பிறர் முதலில் கிளை நடத்தவிடும் முறையில் கடை வேகமாகப் பரவியது. 1984இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது 95 பென்சுக்கு வெளியிடப்பட்ட பங்கு அன்று மாலையே 165 பென்சில் நின்றது.

கடைச் சன்னலில் இயக்கங்கள்

பணம் வந்த பிறகு இந்த நிறுவனம் செய்தவைதான் அதை வரலாற்றில் நிறுத்தின. 1986இல் கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து திமிங்கிலங்களைக் காக்கும் பிரச்சாரம் நடத்தியது. அழகுப் பொருள்களில் சேர்க்கப்பட்ட திமிங்கில எண்ணெய்க்குப் பதில் ஹொஹோபா என்ற செடியின் விதை எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. 1989இல் பிரேசில் மழைக்காடுகள் எரிக்கப்படுவதை எதிர்த்துக் கடைகளிலேயே கையெழுத்து வாங்கினார்கள். பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டனர். 1988இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வேலையின்மையால் நலிந்திருந்த ஈஸ்டர்ஹவுஸ் பகுதியில் சோப்பு ஆலை ஒன்றைத் தொடங்கி, அதன் லாபத்தில் கால் பங்கை அந்தப் பகுதிக்கே தருவதாக அறிவித்தார்கள். மலிவான இடம் தேடிப் போயிருக்கலாம்; போகவில்லை.

1990இல் பாடி ஷாப் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. வீடற்றவர்கள் தெருவில் விற்றுச் சம்பாதிக்கும் 'பிக் இஷ்யூ' இதழை 1991இல் கார்டன் ரோடிக்கும் ஜான் பேர்டும் தொடங்கியபோது முதல் பணம் தந்தது இந்த அறக்கட்டளைதான். பிச்சையாகக் கொடுப்பதற்குப் பதில், விற்பதற்கு ஒரு பொருளைக் கொடுப்பது அதன் அடிப்படை. பாடி ஷாப் செய்த உதவிகளிலேயே நெடுங்காலம் நிலைத்தது இதுவே என்பது என் கருத்து.

நைஜீரியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தால் நிலம் கெட்ட ஓகோனி மக்களுக்காகவும் 1993 முதல் குரல் கொடுத்தார்கள். அம்மக்களின் தலைவரான எழுத்தாளர் கென் சாரோ-விவா, மேலும் எட்டுப் பேருடன் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். தலைக்கழுவி விற்கும் ஒரு கடை, ஓர் எண்ணெய்ப் பேரரசையும் ஒரு ராணுவ ஆட்சியையும் பெயர் சொல்லி எதிர்த்தது அந்நாளில் எளிய காரியமன்று. விலங்குகளின் மீது அழகுப் பொருள்களைச் சோதிப்பதற்கு எதிராக 1996இல் நாற்பது லட்சம் கையெழுத்துகளை ஐரோப்பிய ஆணையத்திடம் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தத் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2013இல்.

திருமங்கலம்

'உதவி வேண்டாம், வணிகம் செய்வோம்' என்ற கருத்தில் 1987 அளவில் ஒரு கொள்முதல் திட்டம் உருவாயிற்று. ஏழைச் சமூகங்களிடம் நேரடியாக, நியாய விலைக்கு வாங்குவது அதன் நோக்கம். அதன் முதல் பொருள் தமிழ்நாட்டிலிருந்து போனது. பாதத்தின் அடியில் வைத்து உருட்டி அலுப்புத் தீர்க்கும் மர உருளை அது. முதலில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றின் வழியாக அது வாங்கப்பட்டது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1990இல் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் டெடி எக்ஸ்போர்ட்ஸ் தொடங்கப்பட்டு, அந்த வேலையை ஏற்றது. மர உருளைகளோடு துணிப் பைகளும் அங்கிருந்து போயின. அதனோடு இணைந்த அறக்கட்டளை பள்ளி நடத்தியது. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களிடையே எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பணியும் செய்தது. எய்ட்ஸ் என்ற சொல்லையே நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம் அது.

நேபாளத்தின் கைவினைக் காகிதமும், கானாவின் தமலே பகுதிப் பெண்கள் கடையும் ஷியா வெண்ணெயும், பிரேசிலின் கயபோ பழங்குடியினர் ஆட்டும் கொட்டை எண்ணெயும் இதே வழியில் வந்தவை.

விமரிசனங்கள்

1994 செப்டம்பரில் ஜான் என்டைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 'பிசினஸ் எதிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்நிறுவனத்தை உலுக்கியது. இயற்கைப் பொருள் என்று விற்பவற்றில் செயற்கைச் சேர்மங்கள் ஏராளம்; நன்கொடைகள் பேச்சுக்கு ஏற்ற அளவில் இல்லை; கடையின் பெயரும் மறுநிரப்பு முறையும்கூடச் சொந்தக் கற்பனை அல்ல என்றெல்லாம் அவர் எழுதினார். கடைசிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1970லேயே இதே பெயரில் ஒரு கடை இருந்தது. அமெரிக்காவில் நுழைவதற்காக 1987இல் 35 லட்சம் டாலர் கொடுத்து ரோடிக் தம்பதியர் அந்தப் பெயருரிமையை வாங்கியிருந்தனர். கயபோ மக்களின் படங்கள் கடைகளுக்குத் தேடித் தந்த புகழோடு ஒப்பிட்டால், அவர்களிடம் வாங்கிய எண்ணெயின் அளவு அற்பம் என்ற குறையும் எழுந்தது.

அன்றைய ஆதரவாளர்கள் செய்தது போல இவற்றைப் பொறாமை என்று தள்ள முடியாது. ஒருவர் தம் சரக்கோடு தம் நேர்மையையும் விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், அதை நிறுத்துப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. நிறுவனமும் இதை ஒருவாறு ஏற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1992இலேயே சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிட்டிருந்த அது, 1996 தொடக்கத்தில் சமூகம், சூழல், விலங்கு நலம் ஆகிய மூன்றிலும் தன் செயல்பாட்டை வெளியார் சரிபார்த்த அறிக்கையாக வெளியிட்டது. தன் குறைகளைத் தானே அச்சிட்டுக் கொடுக்கும் கடை அப்போது அரிது.

கைமாறிய காலம்

2006இல் பிரான்சின் லோரியால் நிறுவனம் 65 கோடி பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்துப் பாடி ஷாப்பை வாங்கியது. விலங்குச் சோதனை விவகாரத்தில் ஆர்வலர்கள் பல்லாண்டு கண்டித்த நிறுவனம் அது. உள்ளே போய்ப் பெரிய நிறுவனத்தையே மாற்றலாம் என்று அனிதா நம்பினார். பழைய வாடிக்கையாளர் பலர் நம்பவில்லை. அவருக்கு அதைக் காட்ட அவகாசமும் கிடைக்கவில்லை. பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தால் தொற்றிய ஹெபடைடிஸ் சி நோய் பல்லாண்டுகள் கழித்தே தெரியவந்திருந்தது. 2007 செப்டம்பர் 10 அன்று காலமானார். தம் செல்வத்தை மகள்களுக்கு விடாமல் அறப்பணிகளுக்கே ஒதுக்கியிருந்தார்.

2017இல் நூறு கோடி யூரோ மதிப்பில் பிரேசிலின் நதுரா நிறுவனத்திடம் கடை சென்றது. இது நல்ல பொருத்தமாகவே தோன்றியது. 2019இல் சமூகப் பொறுப்புக்கான 'பி கார்ப்' சான்று கிடைத்தது. இடையில் விட்டுப்போன மறுநிரப்பு முறையும் லண்டன் கடையில் அதே ஆண்டு திரும்ப வந்தது. ஆனால் இதற்குள் இயற்கை, மறுநிரப்பு, விலங்குச் சோதனை இன்மை ஆகியவற்றை எல்லாக் கடைகளும் சொல்லத் தொடங்கிவிட்டன. பாடி ஷாப் கேட்டது நடந்தது. நடந்ததால் அதன் தனித்தன்மை போயிற்று.

2023 இறுதியில் ஆரேலியஸ் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 20.7 கோடி பவுண்டு மதிப்பில் இதை வாங்கியது. சில வாரங்களில், 2024 பிப்ரவரியில், பிரிட்டன் கிளை கடன் சுமையால் நொடிப்பு நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்த 198 கடைகளில் ஏராளமானவை மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். மார்ச்சில் அமெரிக்கக் கடைகளும் மூடப்பட்டன. இப்படிப்பட்ட வீழ்ச்சியில் பங்குதாரர் இழப்பது முதலீட்டை. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பித் தறியும் கடைசலும் போட்டுவிட்ட சிற்றூர்ப் பட்டறைகளுக்கோ அது பிழைப்பு. அனிதாவின் கொள்முதல் திட்டத்தில் இருந்த பலவீனம் இதுவே. நியாய விலை தருவதாக எழுதிக் கொடுத்தவர்கள் எவ்வளவு காலம் வாங்குவார்கள் என்பதை எழுதிக் கொடுக்க முடியவில்லை.

2024 செப்டம்பரில் ஆரியா என்ற குழுமம், பிரிட்டனில் எஞ்சியிருந்த 113 கடைகளோடு நிறுவனத்தை வாங்கி நடத்தத் தொடங்கியது.