மண்டையோடு மேசைக்கு வந்த கதை

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. இரண்டும் கற்சிற்பங்கள். ஒன்று தலையில் மணற்கடிகாரத்தைத் தாங்குகிறது. மற்றது தூணில் சாய்ந்தபடி மண்டையோட்டைப் பிடித்திருக்கிறது. எங்கள் பள்ளிப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு கோடி, பழவேற்காடு மறு கோடி. முதன்முறை அந்த வாசலில் நின்றபோது, இந்த மண்டையோட்டையும் மணற்கடிகாரத்தையும் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. ஓவியப் புத்தகத்தில் பார்த்தவைதான். அங்கே ஒரு மேசைமேல், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தன.

மண்டையோடு அந்த மேசைக்கு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் அதற்கு ஓவியத்தின் வெளிப்பக்கத்தில் இடம். 1517இல் யான் ஹொசார்ட் என்ற ஓவியர் இரட்டைப் பலகை ஓவியம் ஒன்றை வரைந்தார். திறந்தால், ஒரு பலகையில் கும்பிட்ட கையோடு ஒரு திருச்சபைப் பெரியவர், மற்றதில் குழந்தையோடு மரியாள். மூடினால், வெளியே தாடை கழன்ற மண்டையோடு.

1566இல் நெதர்லாந்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள். புனிதர்களை வரைந்து பிழைத்தவர்களுக்கு அந்த வேலை குறைந்துபோனது. வணிகர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குப் படம் வாங்க முன்வந்தார்கள். புனிதர்கள் எழுந்து போன இடத்தில் ரொட்டியும் மீனும் கண்ணாடிக் கோப்பையும் வந்து உட்கார்ந்தன. 1603இல் யாக் த ஹெய்ன், கல்மாடம் ஒன்றில் மண்டையோட்டை நடுநாயகமாக வைத்து, அதன்மேல் பெரிய நீர்க்குமிழியையும் பக்கத்தில் துலிப் பூவையும் வரைந்தார். இவ்வகைத் தனி ஓவியங்களில் நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

இந்த வகைக்கு ‘வானிதாஸ்’ என்று பெயர். லத்தீன் வேதாகமத்தின் பிரசங்கி நூலில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் நிற்கும் சொல் ‘மாயை’.

நிலையாமை நமக்குப் புதிதல்ல. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார். அவர் சொல்லால் செய்ததை டச்சுக்காரர்கள் வெளிச்சத்தால் செய்தார்கள். ஹார்லெம் நகரத்துப் பீட்டர் கிளாஸ் 1628இல் வரைந்த பலகை ஒரு முழ நீளம்கூட இல்லை. அதில் பல்லுதிர்ந்த மண்டையோடு, இறகுப் பேனா, அணைந்த விளக்கு, கவிழ்ந்து கிடக்கும் கோப்பை. நிறம் என்று சொல்லப் பழுப்பும் சாம்பலும் மட்டுமே. இடப்பக்கமிருந்து ஒரே வெளிச்சம் வந்து எலும்பின் மேட்டில் படிகிறது, கண்குழிகளில் இருளாகிறது, கோப்பையின் வளைவில் ஜன்னலாக மின்னுகிறது. வெயில் சற்று நகர்ந்தால் அந்த மின்னல் இருக்காது. ஓவியர் அந்தக் கணத்தைத்தான் பிடித்திருக்கிறார். அச்சு அசலாக வரைந்ததற்கும் காரணம் உண்டு. கையை நீட்டினால் கோப்பை தட்டுப்படும் என்று நாம் நம்பினால்தானே அது காலியாகக் கிடப்பது நமக்கு வலிக்கும்!

அதே கிளாஸ் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு விருந்து மேசையை வரைந்தார். வான்கோழிப் பை, உரித்த எலுமிச்சை, முத்துச்சிப்பிபோல் மினுங்கும் நாட்டிலஸ் சங்குக் கோப்பை, ஒரு காகிதச் சுருளில் மிளகு. இந்த மிளகில்தான் கதை நம் கரைக்குத் திரும்புகிறது.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1613இல் பழவேற்காட்டில் அதன் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அந்தக் காலத்தில் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கப் பணத்தைவிடச் சோழமண்டலத் துணிக்கே மதிப்பு. நம் தறியில் இறங்கிய துணி கப்பலேறிப் போய் மிளகாகி, ஆம்ஸ்டர்டாம் சேர்ந்து, அந்த மேசையில் சிந்திக் கிடந்தது. துணியோடு மனிதர்களும் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கிழக்குத் தீவுகளிலிருந்த பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். செல்வம் நிலைக்காது என்று வீட்டுச் சுவரில் எழுதி வைத்த ஊர், அந்தச் செல்வம் யார் முதுகில் ஏறி வந்தது என்பதைப் படத்தில் வைக்கவில்லை.

கடைசியில் அந்த மண்டையோடும் மணற்கடிகாரமும் சரக்கு புறப்பட்ட கரைக்கே வந்து, அங்கே இறந்த டச்சுக்காரர்களுக்காகக் கல்லில் நின்றன. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

எங்களைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டையிலும் அத்திமாஞ்சேரிப்பேட்டையிலும் தறி ஓடுகிறது. சேலை எடுக்க வருகிறவர்கள் முந்தானையை மெச்சிவிட்டு, உடனே துணியைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். நெய்தவர் கை தெரிவது அங்கேதான். அந்த மேசை ஓவியங்களின் அழகில் நான் மனம் பறிகொடுத்தவன். அதனால்தான் அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். அப்படிப் பார்க்கப் பழவேற்காட்டு வாசலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.