வலையொலியும் காணொளியும் வளர்ந்த வரலாறு

இணையத்தின் வழியே குரலையும் காட்சியையும் பரப்பும் இரு கலைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. ஆயினும் அவை பிறந்த முறை ஒன்றன்று. இன்று அவற்றுக்கு நேரும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் அவ்வேறுபாடே காரணம் எனலாம்.

பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி எந்த நிறுவனத்துக்கும் உரியதாகப் பிறக்கவில்லை. வலைத்தளங்களில் வரும் புதிய செய்திகளை வாசகரிடம் தானே கொண்டு சேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடைமுறை முன்னரே இருந்தது. ஆடம் கரி என்னும் தொலைக்காட்சித் தொகுப்பாளரின் தூண்டுதலால், டேவ் வைனர் என்னும் அமெரிக்க நிரலாளர் 2001ஆம் ஆண்டில் அவ்வோடையில் ஒலிக்கோப்பையும் சேர்த்தனுப்பினார். பெயர் பின்னரே வந்தது. 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், ஐபாட் கருவியின் பெயரோடு ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லும் இணைந்தது. ஐபாடின் உற்பத்தி 2022இல் நின்றுபோனது, பெயரோ நிலைத்துவிட்டது. நம் மாணவர் வலையொலியை 'வளையொலி' என்றெழுதினால் கேட்பது கைவளையின் ஓசையாகிவிடும். லகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது!

காணொளியின் கதை வேறு. பேபால் நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவர் 2005இல் யூடியூபைத் தொடங்கினர். நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் ஒருங்கே தாக்கிய 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக் காட்சிகளை இணையத்தில் தேடிக் காண்பது கடினமாயிருந்ததும் ஒரு தூண்டுகோல் எனக் கரீம் பின்னர்க் கூறினார். சாண்டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் அவர் நிற்கும் 19 வினாடிக் காட்சியே, ஏப்ரல் 23ஆம் நாள் வெளிவந்த முதற்காணொளி.

ஒலிக்கோப்பைத் தனியொருவர் தம் செலவில் பேணலாம்; காட்சிக்கு மாபெருங் கணினிக் கூடங்கள் வேண்டும். எனவே 2006இல் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்கியதில் வியப்பில்லை. மறு ஆண்டே வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் கோரிப் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. அது 2014இல்தான் உடன்பாட்டில் முடிந்தது.

2024இல் கூகுள் தன் வலையொலிச் செயலியை மூடியது. கேட்போர் வேறு செயலிக்கு மாறினர்; நிகழ்ச்சிகள் அழியவில்லை. ஆனால், 6 வினாடிக் காட்சிகளுக்கென 2013இல் எழுந்த வைன் 2017இல் மூடப்பட்டபோது, அதன் கலைஞர்கள் பார்வையாளரை வேறிடத்தில் புதிதாகத் திரட்ட நேர்ந்தது.

மூடாத இடத்திலும் விதிகள் மாறுகின்றன. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 உறுப்பினரும் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018இல் வந்த விதி. நன்னூல் நூற்பா ஒன்றை 10 நிமிடத்தில் விளக்கும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். அப்பாடத்தை ஓராண்டில் 24,000 பேர் முழுமையாகப் பார்த்தால்தான் அக்கணக்கு நிறையும். வலையொலியில் அத்தகைய வாயிற்காவல் இல்லை. வருவாயும் தானாக வருவதில்லை. கோப்பு வைத்திருக்கும் இடத்துக்குரிய கட்டணம் ஒருமுறை தவறினால் போதும், பல்லாண்டுப் பாடங்கள் ஓசையின்றி மறைந்துவிடக் கூடும்.