வெள்ளம் என்றால் குடிதண்ணியா, பிரளயமா? (ஆட்டோகேட் பிளாக்கின் கதை)

எங்க ஊர் ஆரியங்கோடு. நெய்யாற்றின்கரை தாலுக்கா, பாறசாலைப் பக்கம். அங்கே "கொஞ்சம் வெள்ளம் தா" என்றால் குடிக்கத் தண்ணீர். சென்னையில் அதே வார்த்தையைச் சொன்னால் ஜனம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும் :-) பெயர் ஒன்று, பொருள் இரண்டு. நிற்கிற ஊரில் எது வழக்கமோ அதுதான் செல்லும். வளைகுடாவில் படம் வரைந்து பிழைக்கிற எனக்கு இந்த எல்லைச் சங்கதி ஆபீஸில் அடிக்கடி ஞாபகம் வரும். காரணம் பிளாக்.

கதவு, ஜன்னல், வாஷ்பேசின், விளக்கு என்று ஒரு படத்தில் திரும்பத் திரும்ப வருகிற குறிகளை ஒரே தடவை வரைந்து, பெயர் வைத்து, வேண்டிய இடமெல்லாம் போட்டுக்கொள்வதுதான் பிளாக். கையால் வரைந்த காலத்தில் இதற்குப் பிளாஸ்டிக் டெம்ப்ளேட் இருந்தது. ஓட்டைக்குள் பேனாவை ஓட்டினால் குறி விழும். விழுந்த பிறகு அந்தக் குறிக்கும் டெம்ப்ளேட்டுக்கும் எந்த உறவும் இல்லை. குறியை மாற்றவேண்டும் என்றால் பிளேடால் சுரண்டி ஒவ்வொன்றாக மறுபடி வரையவேண்டும்.

எங்க ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை தாலுக்கா எல்லையாக இருந்த கோடு ஒரே நாளில் மாநில எல்லை. ஆனால் அதற்கு முன்பு அச்சடித்த திருவிதாங்கூர் வரைபடங்களில் அந்தக் கோடு தானாக மாறிவிடுமா என்ன?

மூலத்தை மாற்றினால் நகலும் மாறவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் முதலில் செய்து காட்டியவர் ஐவன் சதர்லேண்ட். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1963-ல் கொடுத்த ஆய்வேட்டுக்காக, டி.எக்ஸ்-2 என்ற இயந்திரத்தில் ஒளிப்பேனாவால் வரைகிற 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதினார். அறுகோணங்களை அடுக்கி ஒரு பரப்பு வரைந்திருப்பார். மூல அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றினால் போதும், மொத்தப் பரப்பும் மீன் செதிலாகிவிடும். இதில் அவர் வைத்த பங்கீடுதான் முக்கியம். இடம், அளவு, சாய்வு மூன்றும் நகலுக்குச் சொந்தம். உருவம் மூலத்துக்குச் சொந்தம்.

1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஆட்டோகேட்டின் பிளாக்கிலும் இதே பங்கீடுதான். கூடவே சில சிக்கல்கள். ஜீரோ லேயரில் வரைந்த கோடு, பிளாக்கைப் போடுகிற லேயரின் குணத்தை எடுத்துக்கொள்ளும். வேறு லேயரில் வரைந்தது தன் லேயரிலேயே நிற்கும். இதை முதலிலேயே யோசிக்காமல் லைப்ரரி செய்தவர்கள் பிறகு பட்டபாடு கொஞ்சமல்ல. அட்ரிப்யூட் (கதவு எண், தீத்தடுப்பு நேரம் போன்ற எழுத்துகள்) இன்னும் மோசம். பிளாக்கைத் திருத்தினால் கோடுகள் எல்லா நகலிலும் மாறும், அட்ரிப்யூட் பழையபடியே கிடக்கும். இதற்கென்றே 2002 பதிப்பில் 'அட்சிங்க்' கட்டளை வந்தது. அதை ஓட்டினால் மதிப்பு தப்பும், ஆனால் நாம் கையால் நகர்த்தி வைத்த எழுத்தெல்லாம் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். வேறொரு படத்தை நம் படத்துக்குள் இன்சர்ட் செய்கிறோம். இரண்டிலும் ஒரே பெயரில் பிளாக் இருந்தால்? நம் படத்தில் இருப்பதுதான் ஜெயிக்கும். வந்தவரின் பொருள் சத்தமில்லாமல் போய்விடும். இங்கே ஒரு மருத்துவமனை வேலையில் வெளியிலிருந்து வந்த படத்தில் 'கதவு-1' ஸ்ட்ரெச்சர் போகிற அகலக் கதவு. வாங்கிச் சேர்த்தவர்கள் படத்தில் 'கதவு-1' சாதாரண அறைக் கதவு. சேர்த்ததும் வார்டுக் கதவுகள் எல்லாம் ஒடுங்கிவிட்டன. படம் பார்க்க அழகாக, முழுமையாக இருந்தது, அதுதான் ஆபத்து. கதவுப் பட்டியலை எண்ணியபோது பிடிபட்டதால் சுவர் கட்டுவதற்கு முன் திருத்த முடிந்தது.

2005-ல் வெளியான 2006 பதிப்பில் டைனமிக் பிளாக் வந்தது. கதவின் அகலத்தை அந்தந்த இடத்திலேயே இழுத்து மாற்றலாம். சதர்லேண்ட் மூலத்துக்குக் கொடுத்த உருவத்தில் ஒரு பங்கை நகலுக்குப் பிரித்துக் கொடுத்ததுபோல. ஆனால் இழுத்த நகலுக்கு ஆட்டோகேட் உள்ளுக்குள் நட்சத்திரக் குறியும் 'யூ'வும் ஒரு எண்ணும் சேர்த்து அநாமதேயப் பெயர் வைத்துவிடும். பெயரை வைத்து எண்ணுகிற பழைய லிஸ்ப் நிரல்களுக்கு அந்தக் கதவுகள் கண்ணில் படாது. ஐம்பது கதவில் முப்பது என்று கணக்குச் சொல்லும்!

அதனால் நான் லைப்ரரி செய்ய உட்கார்ந்தால் முதலில் படம் வரைவதில்லை. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, மூலத்தில் எது, நகலில் எது என்று எழுதுகிறேன். தீத்தடுப்பு நேரம் நகலில். திறக்கும் பக்கம் நகலில். சட்டத்தின் கனம் மூலத்தில், யாரும் இழுக்கக்கூடாது. எல்லாப் பெயருக்கும் முன்னால் வேலை எண். பெயர் ரயில் மாதிரி நீளமாக இருக்கிறதே சேட்டா என்று பையன்கள் முனகுகிறார்கள். முனகட்டும்.