அலமாரி

சமையலறையைப் புதுப்பிக்கும்போது தச்சரிடம் முதலில் பேசுவது அலமாரி பற்றித்தான். அஞ்சறைப்பெட்டிக்கு ஒரு தட்டு, சம்படங்களுக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போடுவோம். 'அலமாரி' போர்த்துகீசியர் தந்த சொல். அவர்கள் மொழியில் 'அர்மாரியு'. மூலம் லத்தீன் 'அர்மாரியும்'. 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. ஆயுதமும் கருவியும் வைக்கும் பெட்டியே பின்னர் பண்டம் வைக்கும் இடமாயிற்று. அடுத்தடுத்து வந்த இரண்டு ரகரங்களில் முதலாவது லகரமாகி, நாவுக்கு எளிதான 'அலமாரி' பிறந்தது. சாவி, ஜன்னல், மேசை ஆகியவையும் அதே கப்பலில் வந்தவையே. அலமாரி வருமுன் நம் வீட்டுச் சுவரில் இருந்ததோ மாடம். உப்புச்சாடியும் விளக்கும் அதில் இருந்தன. அலமாரி இப்போது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. 'கப்போர்டு' என்று சொல்ல வேண்டாம். அலமாரி என்றே சொல்லுங்கள்.