எண்சுவடியும் மனக்கணக்கும்

எண்சுவடி என்பது தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் கணக்கு கற்பிக்கப் பயன்பட்ட வாய்பாட்டுச் சுவடி ஆகும். கல்லூரி மாணவர் பலர் எளிய வகுத்தலுக்கும் கைப்பேசியை நாடும் இக்காலத்தில் அதன் வரலாறு கவனத்திற்குரியது.

கற்பித்த முறை

மாணவர்கள் முழு எண்களோடு கீழ்வாயிலக்கம் எனப்படும் பின்னங்களையும் மனப்பாடம் செய்தனர். முந்திரி என்பது 1/320. நான்கு முந்திரி ஒரு காணி (1/80); நான்கு காணி ஒரு மா (1/20); ஐந்து மா கால். மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வர். நெல்லிலக்கம் தானிய அளவைக்கும் குழிமாற்று நில அளவைக்கும் உதவின. எனினும் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் இக்கல்வி பெரும்பாலும் எட்டவில்லை.

வணிகத்தில் பயன்

ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் வீசம் (1/16) ரூபாய் என்றால் ஓரணா. ஆகவே வீச வாய்பாடு தெரிந்தவருக்குக் கடைக்கணக்கு நாவிலேயே இருந்தது. பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் வணிகத்தால் வளர்ந்த விருதுநகருக்கும், அதன் அருகிலுள்ள மல்லாங்கிணறு போன்ற ஊர்களுக்கும் இத்திறன் அன்றாடத் தேவை. விருதுநகர் வணிகர்கள் வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பொதுப்பணிகளுக்குச் செலவிட்டனர். அங்கே சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது.

மாற்றம்

1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய் 100 நயா பைசா ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோகிராமும் லிட்டரும் வந்தன. பழைய பின்ன வாய்பாடுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் மனக்கணக்கின் தேவை போகவில்லை.

இன்றைய நிலை

ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையிலானோரிடம் 2023இல் நடத்தப்பட்ட 'ஏசர்' ஆய்வில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 விழுக்காட்டினரே. கல்லூரிக்குள் நுழையும் வயதினர் இவர்கள். பட்டதாரிகளும் பெருமளவில் எழுதும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில், 200 வினாக்களில் 25 பத்தாம் வகுப்புத் தரத்திலான திறனறி வினாக்கள்.

இழப்பு தேர்வோடு நிற்பதில்லை. 'நூற்றுக்கு இரண்டு வட்டி' என்பது மாத வட்டி. ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவரும் எண்ணிக்கையைத் தாமே சரிபார்க்க வேண்டியுள்ளது. கணக்கு தெரியாதவர் பிறர் சொல்லும் தொகையையே நம்ப வேண்டும். முந்திரியும் காணியும் திரும்ப வேண்டியதில்லை. நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பயிற்சி திரும்பினால் போதும்.