விழிக்குழி என்புகளும் பெயராக்கமும்

அறிவியற் பெயர்களைத் தமிழில் ஆக்கின் பொருள் திரியும் என்பார் உளர். அக்கூற்றை விழிக்குழியின் அமைப்புக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கண்ணைக் காக்கும் அக்குழி ஓர் என்பால் ஆயதன்று. நுதல், கன்னம், மேல்தாடை, அண்ணம் ஆகியவற்றின் என்புகளும், கண்ணீர் என்பு, ஆப்பென்பு, சல்லடையென்பு என்பனவும் ஆக ஏழும் கூடி, உள்நோக்கிக் குவியும் நாற்பக்கக் கூம்பென அமைந்தது. இவற்றுள் முதல் நான்கும் இடத்தாற் பெற்ற பெயர். ‘ஸ்பீனாய்டு’, ‘எத்மாய்டு’ என்பனவோ வடிவாற் பெற்றவை. கிரேக்கர்க்கு அவை ஆப்புப் போல்வது, சல்லடை போல்வது என்னும் பொருளனவே. மூக்கை அடுத்த சுவரின் மெல்லிய தகட்டை இலத்தீன் மொழியில் எழுதினோர் தாள் போல்வது என்றே வழங்கினர். அரிய கலைச்சொல் என நாம் அஞ்சுவன அவர்தம் பட்டறைச் சொல்லும் அடுக்களைச் சொல்லுமே.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1858இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் அச்சேறியது. அப்பெயரில் வடசொல் மிக்கிருத்தல் உண்மையே. எனினும், தமிழ் மாணாக்கர் தம் மொழியில் என்பியல் கற்றனர் என்பது அதனினும் பெரிய உண்மை.

எனவே, தமிழில் இயலுமா என்பது வினாவன்று. ஒலியைப் பெயர்ப்பதா, பொருளைப் பெயர்ப்பதா என்பதே எஞ்சிய வினா. விழிக்குழியின் என்புகள் பொருளின் வழியையே காட்டுகின்றன.