அழைப்புத் துண்டிப்பு இழப்பீடு

பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அழைப்பு அறுந்துபோனால், அழைத்தவரின் கணக்கில் நிறுவனம் 1 ரூபாய் வரவு வைக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) கொண்டுவந்த விதியே அழைப்புத் துண்டிப்பு இழப்பீடு. ஒரு நாளில் அதிகபட்சம் மூன்று துண்டிப்புகளுக்கே இது பொருந்துவதாக இருந்தது.

பெரிய நிறுவனங்கள் தொலைத்தொடர்புச் சேவையை வாங்கும்போது, தரம் குறைந்தால் கட்டணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைப் பேரம்பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. தனி வாடிக்கையாளருக்கு அந்த வலு இல்லை. தரைவழித் தொலைபேசியின் பழுது நீடித்தால் வாடகைத் தள்ளுபடி தரும் விதி முன்பே இருந்தது. கைப்பேசித் துண்டிப்புக்கான விதி 2015 அக்டோபர் 16 அன்று வெளியானது. 2016 சனவரி 1 நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது.

நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. தில்லி உயர்நீதிமன்றம் 2016 பிப்ரவரி 29 அன்று விதியை ஏற்றது. மே 11 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹிண்டன் நாரிமன் அமர்வு அதை ரத்து செய்தது.

வழக்கின் மையத்தில் இருந்தது 2 என்ற எண். டிராயின் 2009 தரவிதிப்படி, மொத்த அழைப்புகளில் 2 விழுக்காடு வரை துண்டிக்கப்படலாம் என்றிருந்தது. அதாவது 1 லட்சம் அழைப்புகளில் 2,000 அறுந்தாலும் நிறுவனம் விதியை மீறவில்லை. புதிய விதியோ அந்த 2,000 அழைப்புகளுக்கும் பணம் கேட்டது. தரத்தைக் காப்பாற்றியவரையும் தண்டிப்பது நியாயமற்றது என்றது நீதிமன்றம். துண்டிப்புகளில் சராசரியாக 36.9 விழுக்காடு வாடிக்கையாளர் தரப்புக் காரணங்களால் நேர்வதாக டிராயின் தொழில்நுட்ப அறிக்கையே கூறியதும் நிறுவனங்களுக்குத் துணையானது.

தர்க்கம் வலுவானதுதான். ஆனால் சராசரி என்பது வட்டாரம் முழுமைக்குமான கணக்கு. சிக்னல் எட்டாத தெருவில் குடியிருப்பவருக்கு அது எதையும் ஈடுசெய்வதில்லை.

2017இல் டிராய் துண்டிப்பை அளக்கும் முறையைக் கடுமையாக்கி, தவறும் நிறுவனங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து தவறினால் 10 லட்சம் வரை அபராதம் வைத்தது. அத்தொகை வாடிக்கையாளருக்குப் போவதில்லை. 2024 ஆகஸ்டில் வெளியான தரவிதிகளில் வாடிக்கையாளருக்கான ஈடு வேறு வடிவில் திரும்பியது: மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டு பில்லில் வாடகைக் கழிவு, பிரீபெய்டுக்கு 2025 ஏப்ரல் முதல் கூடுதல் செல்லுபடி நாட்கள். இயற்கைப் பேரிடரால் நேரும் முடக்கத்துக்கு விலக்கு உண்டு. அறுந்துபோகும் தனி அழைப்புக்கு அவ்விதிகளிலும் ஈடு இல்லை.